சிவப்புப் பொட்டில்லாத நாலு ஸ்குரூ

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
16.06.2025

அன்புள்ள றுமானா,

கிழித்துப் போட முன் ஒருதரம் வாசி. உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் றம்ஸியா ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். அவ கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் இங்கே படிப்பிக்க வாறவ, உங்கள் ஒழுங்கைதானே. நீ வாங்க மறுத்தால் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

நீ கட்டித் தந்த கம்பியூட்டர் ஒழுங்காக எழும்புதில்லை. சுவிட்சை அமத்தினால் உள்ளே காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. ஐந்தாறு தரம் அமத்தினால் சில நாள் எழும்பும், சில நாள் ஏலாது. எழும்பிவிட்டால் பொழுதுபடும் வரை ஒரு குறையும் இல்லை. டவுனில் கம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிற அண்ணாவிடம் சொன்னால், "அதைத் தூக்கி எறி, என்ர கடையில புதுசு ஒண்டு எடு" என்கிறார். டவுனில் வேறு மூன்று கடையில் கேட்டேன். "கட்டினவையிட்டயே கொண்டு போங்கோ" என்று மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

சாம்பல்தீவில் நல்லம்மா என்று ஒருவர் காலமாகிவிட்டா. அடுத்த மாதம் இரண்டாம் திகதி முப்பத்தொராம் நாள். அன்றைக்கு அவவின் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் நான்தான் செய்கிறேன். படங்கள், குடும்ப விவரம், பாட்டு எல்லாம் அந்த மெஷினுக்குள் கிடக்கிறது. இருபத்தெட்டாம் திகதி அச்சுக்குப் போகாவிட்டால் செத்தவீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

நடந்தது நடந்துபோச்சு. பழசைக் கிளறாமல் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ.

நிரோஜினி


கிண்ணியா
17.06.2025

நிரோஜினி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலாவது, என்னை நீ என்று எழுதாதீர்கள். அந்த உரிமை முடிந்து பதினைந்து மாதம்.

இரண்டாவது, நடந்தது தானாக நடக்கவில்லை. போன வருடம் மார்ச் மாதம் பேஸ்புக்கில் நீங்கள் எழுதியது எனக்குப் பாடம். "கிண்ணியா றுமானாவிடம் கம்பியூட்டர் கட்டாதீர்கள். புதுச் சாமான் என்று சொல்லி, பாவித்த பழசைப் போட்டு ஏமாற்றுகிறா." அதன் கீழே ஒருவர் எங்கள் முஸ்லிம் சனத்தைக் குறித்து, "அந்தப் பக்கத்து ஆக்களிட்ட வாங்கினா இப்பிடித்தான்" என்று எழுதினார். அதற்கு நீங்கள் ஒரு லைக் போட்டீர்கள். நான் உடனே போன் எடுத்து, "மெஷினக் கொண்டு வா, உன்ர கண்ணுக்கு முன்னால திறந்து காட்டுறன்" என்றேன். நீங்கள் சொன்னது: "நீ திறந்தா மிச்சத்தையும் கழட்டிப் போடுவாய்."

அந்தக் கிழமையே, பதினெட்டுக் கம்பியூட்டர் கட்டித் தரச் சொல்லியிருந்த பாடசாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நோன்புப் பெருநாளுக்குள் கடையை மூடினேன். இப்போது வீட்டு முன்னறையில் இருந்து பழுதான போன் சார்ஜர் ஒட்டித் திருத்துகிறேன். எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் பெண்கள் கதையை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு இருந்த ஒரே சொத்து என் பெயர்தான்.

நான் வரமாட்டேன். ஆனால் எப்படித் திருத்துவதென்று சொல்லித் தருவேன். நிபந்தனை இதுதான். எல்லாம் கடிதத்தில் மட்டும். நான் சொல்வதை உங்கள் கையால் செய்து, கண்டதைக் கண்டபடி எழுதி, திகதியும் முழுப்பெயரும் கையெழுத்தும் வைக்க வேண்டும். வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லலாம்.

முதல் வேலை. விடிய எழும்பியதும் எத்தனையாம் தரத்தில் எழும்புகிறது என்று எண்ணுங்கள். எழும்பியபின் நிறுத்தி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பப் போடுங்கள். பிறகு வேறு அறையில் வேறு பிளக்கில் இதையே செய்து பாருங்கள்.

றுமானா


ஓர்ஸ் ஹில்
19.06.2025

றுமானாவுக்கு,

சரி, நீங்கள் என்றே எழுதுகிறேன். எழுதும்போது யாரோ ஒஃபிசருக்கு எழுதுவது போல் இருக்கிறது.

விடிய ஒன்பதாம் தரத்தில் எழும்பியது. நிறுத்திவிட்டு உடனே போட்டேன், முதல் அமத்திலேயே எழும்பியது. நேற்றிரவு முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு இன்று விடிய முன்னறைப் பிளக்கில் போட்டேன். அங்கேயும் அதே சேட்டை, பதினோராம் தரம். அண்ணா பார்த்துவிட்டு, "துறைமுகத்து உப்புக் காத்து பட்டா இப்பிடித்தான், அதுவும் பழைய சாமான்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

இதென்ன பரீட்சையா? எனக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஒரு கடிதம் போய் ஒரு கடிதம் வர இரண்டு நாள். உங்களுக்குத் தெரிந்ததை ஒரேயடியாக எழுதினால் குறைந்தா போவீர்கள்?

அம்மா உங்களைக் கேட்டா. "அந்தப் பிள்ளை வந்தா சொல்லு, மீன் வாங்கி வைக்கிறன்" என்றா.

சுப்பிரமணியம் நிரோஜினி
(கையெழுத்து)


கிண்ணியா
20.06.2025

நிரோஜினி அவர்களுக்கு,

ஓம், பரீட்சைதான். நான் பதினைந்து மாதம் எழுதினேன். நீங்கள் நாலு நாள் எழுதுங்கள்.

உங்கள் அம்மா புஸ்பராணி மாமிக்கு என் சலாம். அவ எனக்கென்று வாங்கிச் சமைத்த மீனை நான் மறக்கவில்லை. அவவோடு எனக்குக் கோபமும் இல்லை.

இரண்டாவது வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கேசிங்கின் இடப்பக்கத் தகட்டைத் திறந்து, எதையும் தொடமுன் வெறும் இரும்பில் ஒருதரம் கை வையுங்கள். மதர்போர்ட்டில் நெட்டுக்குத்தாகச் செருகியிருக்கும் இரண்டு றாம் பட்டிகளையும் கழற்றி, அடியில் பொன்னிறமாக இருக்கும் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேயுங்கள். இரண்டு பக்கமும் "டிக்" என்று கேட்கும்வரை அமத்தித் திரும்பப் போடுங்கள். பிறகு எழும்புகிறதா என்று பாருங்கள்.

அதோடு இன்னொன்று. நான் கட்டுகிற மெஷினில் ஒவ்வொரு ஸ்குரூவின் தலையிலும் ஒரு பொட்டு வைப்பேன், பாதி ஸ்குரூவிலும் பாதி தகட்டிலும் படும்படி. யாராவது கழற்றினால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். உங்களுடையதை 2022 மார்கழியில் உங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் கட்டினோம். டொலர் இல்லாமல் சாமான் வராத நேரம். சாமான் தேடி நான் கொழும்புக்கு மூன்று தரம் பஸ் ஏறினேன். தொழுகைக்கு ஒளு எடுக்கிறதால் நான் நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசுவதில்லை, என்னிடம் இருக்கவில்லை. உங்கள் அலுமாரியில் இருந்த சிவப்பை எடுத்து வந்து, "நான்தான் வைப்பன்" என்று அடம்பிடித்துப் பொட்டு வைத்தது நீங்கள். அந்தப் பொட்டுகளை எண்ணி எழுதுங்கள். உள்ளேயும், பின்பக்கத்திலும். எதில் இருக்கிறது, எதில் இல்லை.

றுமானா


ஓர்ஸ் ஹில்
23.06.2025

றுமானா,

றாம் பட்டிகளைத் தேய்த்துப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பொட்டுகளை எண்ணினேன். மதர்போர்ட்டில் ஆறு, எல்லாவற்றிலும் சிவப்பு. ஹார்ட் டிஸ்கில் நாலு, சிவப்பு. முன் காற்றாடியில் நாலு, சிவப்பு. பின்பக்கத்தில் பவர் சப்ளையைப் பிடித்திருக்கும் நாலு ஸ்குரூவிலும் ஒன்றுமில்லை. நிறமும் வேறு. மற்றவை கறுப்பு, இவை நாலும் வெள்ளை. பக்கத்துத் தகட்டில் மட்டும் அரைப் பொட்டு நாலு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போன் லைட்டை அடித்து அந்தப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்தேன். 2014 என்று இருக்கிறது. சல்லடைக்குள்ளால் பார்த்தால் சின்னப் பீப்பாய் மாதிரி இருப்பவற்றில் மூன்றின் தலை வீங்கிக் கிடக்கிறது. நாங்கள் கட்டியபோது நீங்கள் பெட்டியை உடைத்து எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிளாஸ்டிக் மணம்கூட நினைவிருக்கிறது. அது இது இல்லை.

இந்தக் கம்பியூட்டர் ஒரேயொரு தரம்தான் வீட்டை விட்டு வெளியே போனது. போன வருடம் ஜனவரியில் ஒருநாள் இடி விழுந்தபிறகு, தூசி தட்டித் தாறன் என்று அண்ணா தன்னுடைய கடைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார். அதன்பிறகுதான் இந்தச் சேட்டை தொடங்கியது. "பாத்தியா, சாமான் முழுக்கப் பழசு" என்று சொன்னதும் அவர்தான். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை றுமானா. என் கையால் வைத்த பொட்டை நானே பார்க்கவில்லை.

என்ன செய்ய?

சுப்பிரமணியம் நிரோஜினி
(கையெழுத்து)


கிண்ணியா
24.06.2025

நிரோஜினி அவர்களுக்கு,

உங்கள் முதல் கடிதத்தை வாசித்தபோதே எனக்குத் தெரியும். ஆறியிருந்தால் எழும்பாது, சூடேறினால் எழும்பும் என்றால் அது பவர் சப்ளை. என்னிடம் சார்ஜர் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கே தெரியும். நான் புதுசு போட்டேன் என்பது எனக்குத் தெரிந்ததால், அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். முதல் நாளே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீங்கள் ஒரு புதுப் பெட்டியை வாங்கிப் பூட்டிவிட்டு, "றுமானா சொன்னா" என்று ஒரு வார்த்தையோடு முடித்திருப்பீர்கள்.

இப்போது என்னிடம் உங்கள் கையெழுத்தில், திகதியோடு, பொட்டு எண்ணிய கடிதம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். நேற்று இரவு அதை உம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

என்ன செய்ய என்று கேட்டீர்கள். அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றினாலும் அதற்குள் கரண்ட் நிற்கும், ஆளைக் கொல்லும். எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும். புத்தகம் முடியும்வரை மெஷின் எழும்பினால் நிறுத்தவே வேண்டாம். படங்களையும் எழுத்தையும் முதலில் ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். செத்த மனிசிக்கும் நமக்கும் பகை இல்லை.

மிச்சத்தை உங்கள் அண்ணாவிடம் கேளுங்கள். வேலியே பயிரை மேய்ந்ததற்கு நான் என்ன சொல்ல?

றுமானா


ஓர்ஸ் ஹில்
27.06.2025

றுமானா,

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி மூன்று நாள் மெஷினை நிறுத்தவில்லை.

அண்ணாவிடம் கேட்டேன். முதலில் சத்தம் போட்டார். வெள்ளை ஸ்குரூ ஒன்றைக் கழற்றிச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு சொன்னார். "ஓம், நான்தான் மாத்தினன். ஒரு கஸ்டமருக்கு அவசரமா நல்லதொண்டு வேணும், அந்த நேரம் எங்கயும் எடுக்க ஏலாது. உனக்குப் பிறகு போட்டுத் தருவம் எண்டு இருந்தன். மெஷின் பிழைக்கத் தொடங்கினாப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? சாமான் பழசு எண்டு ஒரு சொல்லுச் சொன்னன். நீயே அதை ஊர் முழுக்க எழுதிப்போட்டாய்." எனக்கு அந்த இடத்திலேயே அவருடைய கோப்பையைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன். ஆனால் ஒரு கெஞ்சல். அண்ணாவின் பெயரை வெளியே எடுக்க வேண்டாம். ஆவணியில் அவருக்கு ஒரு சம்பந்தம் கதைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா.

நிரோஜினி


கிண்ணியா
30.06.2025

நிரோஜினி அவர்களுக்கு,

அழிக்க வேண்டாம். அழித்தால் என்னைக் கள்ளி என்று வாசித்தவர்கள் கள்ளி என்றே வைத்துக்கொள்வார்கள். அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே உண்மையை எழுதுங்கள். என் பெயரை முழுதாக எழுதினீர்கள், அதேபோல் உங்கள் அண்ணா சுகிர்தனின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். பவர் சப்ளையின் படத்தையும், பொட்டில்லாத நாலு ஸ்குரூவின் படத்தையும் போடுங்கள்.

சம்பந்தம் பற்றி எழுதியிருந்தீர்கள். என் தங்கை ஜுமானாவுக்கும் அந்த நேரம் ஒரு சம்பந்தம் கதைத்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் உங்கள் பதிவைப் போனில் காட்டிவிட்டு எழும்பிப் போனார்கள். அதை நான் இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை. இரக்கம் கேட்பது போல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை பார்ப்பேன். நீங்கள் எழுதாவிட்டால், கையெழுத்து வைத்த உங்கள் கடிதங்களைப் படம் பிடித்து நானே போடுவேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்த "அந்தப் பக்கத்து ஆக்கள்" என்ற கதைக்கு ஏன் லைக் போட்டீர்கள்? உங்கள் மேசையில் சோறு தின்றவள் நான்.

றுமானா


ஓர்ஸ் ஹில்
07.07.2025

றுமானா,

எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நீங்கள் கேட்ட எல்லாப் பெயரோடும், படத்தோடும். அன்று மத்தியானத்துக்குள் சம்பந்த வீட்டார் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணா உடுப்பை எடுத்துக்கொண்டு கடையில் போய்ப் படுக்கிறார். அம்மா, "வீட்டுக் கதையை வீதியில கொண்டுபோய்ப் போட்டிட்டாயே" என்று சொல்லிவிட்டு என்னோடு கதைப்பதில்லை. குசினியில் நான் நிற்கும்போது அவ உள்ளே வரமாட்டா.

லைக் ஏன் போட்டேன் என்று கேட்டீர்கள். மறைக்கமாட்டேன். அன்றைக்கு அது எனக்கு இனித்தது. எத்தனையோ பேர் என் பக்கம் நிற்கிறார்கள் என்று இனித்தது. அவர்கள் என்ன சொல்லிக்கொண்டு நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அடுத்த நாள் விடிய எடுக்க நினைத்தேன், எடுக்கவில்லை.

இப்போது திருப்தியா? வயிறு நிறைந்ததா?

நிரோஜினி


கிண்ணியா
11.07.2025

நிரோஜினி அவர்களுக்கு,

திருப்தி இல்லை. முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். உங்கள் பதிவை நாலு தரம் வாசித்தேன். பிறகு ஒரு கிழமை பார்த்தேன்.

என்னைக் கள்ளி என்று எழுதியதை, பெயர் தெரிகிற அளவில், முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்துப் பகிர்ந்தார்கள். நான் கள்ளி இல்லை என்று எழுதியதை ஐந்து பேர். அதில் இரண்டு பேர் என் சாச்சியின் மக்கள், ஒருவர் றம்ஸியா ரீச்சர். பொய் மோட்டார் சைக்கிளில் போனது. உண்மையை நடந்து போகச் சொல்லிவிட்டு நீங்கள் குசினியில் நின்று அழுகிறீர்கள்.

இத்துடன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர். மூன்று நாள் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். இவர்கள் ஒவ்வொருவருக்கும் உங்கள் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். எனக்கு எழுதியதுபோல, கண்டதைக் கண்டபடி, திகதியும் கையெழுத்தும் வைத்து. ஒருநாளைக்கு ஒன்று போதும். திருகோணமலைக்குள் இருப்பவர்களுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மற்றவை தபாலில் போகட்டும். எழுதமாட்டேன் என்றால் நான் உங்களை ஒன்றும் செய்யமாட்டேன். என்னிடம் வெருட்ட இனி ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், அதன் விலையைச் சொல்கிறேன்.

நேர ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். முதலாவது பெயர், நீங்கள் பதிவு போட்ட மூன்றாம் நிமிடத்தில் அதைப் பகிர்ந்தவர். உங்கள் அண்ணா.

இரண்டாவது, நீங்கள் லைக் போட்ட அந்தக் கதையை எழுதிய ஞானசேகரம்.

கம்பியூட்டருக்குப் புதுப் பவர் சப்ளை எங்கே வாங்குவதென்று கேட்காதீர்கள். அதற்கு நான் பதில் எழுதமாட்டேன்.

றுமானா


ஓர்ஸ் ஹில்
16.07.2025

றுமானா,

அண்ணாவுக்கு எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என் முன்னாலேயே கிழித்தார். அடுத்த நாள் அதையே திரும்ப எழுதிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆட்கள் நின்றதால் கிழிக்க ஏலாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அதைப் பார்க்க நல்லாக இருந்தது. உங்களுடைய புத்தி எனக்கும் வரத் தொடங்கிவிட்டது.

நேற்று ஞானசேகரத்தாரிடம் போனேன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வாசல் தள்ளி, கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கேற்றில் நின்றே வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆர் பிள்ளை இந்த றுமானா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். கம்பியூட்டர், கிண்ணியா, நீங்கள் கீழே எழுதியது. "நானோ? நான் அப்பிடி எழுதினனானோ? இருக்காதே" என்றார். போனில் எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்த நேரம் என்ன யோசிச்சு எழுதினனோ தெரியாது. அதையெல்லாம் இப்ப ஆர் நினைச்சுக்கொண்டு இருக்கினம்?" என்று சொல்லி, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அவர் நடிக்கவில்லை றுமானா. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

மறந்துபோன பொய்யை நானே முதலிலிருந்து சொல்லிக்கொடுத்து, பிறகு அது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்சம் முன்னூற்றுப் பத்துப் பேர். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் மறந்திருப்பார்கள். இனி ஒவ்வொரு வாசலிலும் நின்று உங்களைக் கள்ளி என்று திரும்ப ஒருதரம் சொல்லித்தான் இல்லையென்று சொல்ல வேண்டிவரும். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்றாவது பெயருக்குத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். எழுதவா, விடவா? நீங்களே சொல்லுங்கள்.

நிரோஜினி


கிண்ணியா
17.07.2025

நிரோஜினி அவர்களுக்கு,

எழுதுங்கள். எனக்கு மறக்கவில்லை.

றுமானா